வெட்டக்கூடாத இடங்கள்

அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் மட்டும் கைகழுவும் தொட்டியருகே நின்று, அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் இருந்த புள்ளிகளைப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்து அழைப்பிதழில் புள்ளிகளுக்குக் குறைவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூன்று இனிஷியல், தாத்தாவுக்கு இரண்டு, பெண்ணின் பெயருக்குப் பின்னால் அவள் வாங்கிய பட்டங்கள், அப்புறம் சித்தப்பாக்கள், தாய்மாமன்கள், அவரவர் கடை, மில், தீப்பெட்டி ஆபீஸ். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். அதனால் யார் பெயரும் விட்டுப்போகாது.

"நாப்பத்தோரு புள்ளி. ஒண்ணுகூட வாக்கியம் முடியுத எடம் இல்ல," என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். என்னை அவருக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். அழைப்பிதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் பந்திக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் எங்கள் சென்டருக்கு வேலைக்கு வந்தார்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காலை நேரத்தில் எனக்குச் செய்தி வேலை குறைவு. ஆகவே ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், கடலைமிட்டாய்ப் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பாகு காய்ச்சும் வாசனை படியேறி வந்து கீபோர்டு வரைக்கும் ஒட்டும்.

வேலை இதுதான். சென்னையில் ஒரு நிறுவனம் பழைய நீதிமன்றத் தீர்ப்புகளைக் கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கும்படி ஆக்கி வக்கீல்களுக்கு விற்றது. அதற்கு ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் தனி வரியில் நிற்க வேண்டும். தீர்ப்புகள் சி.டி.யில் எங்களுக்கு வரும். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வாக்கியம் முடியும் இடத்தில் என்டர் தட்டுவார்கள். அதை 'வெட்டுவது' என்பார்கள். முற்றுப்புள்ளியைப் 'பொட்டு' என்பார்கள். பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிய கைகள். விரல் வேகத்துக்காக முதலாளி அவர்களை எடுத்திருந்தார். அவருக்கும் பூர்வீகத் தொழில் தீப்பெட்டிதான். பெண்களுக்கு ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அப்படியும் தப்பாக வெட்டுவது அபூர்வம். அந்த அபூர்வத்தைப் பிடிக்கத்தான் நான்.

இதை மெஷினே செய்யும்படி பண்ணிவிடலாம் என்று சென்னைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் முதலாளி, மண்டபத்தில் புள்ளி எண்ணிய அவரை எடுத்தார். எல்லாரும் அவரை 'அக்கா' என்றார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும்.

"ஒரு லைப்ரரி எழுதணும்," என்றார் முதல் நாள்.

"பீரோ எத்தனை வேணும் தாயி?" என்றார் முதலாளி.

அவர் சொன்ன லைப்ரரி புத்தகம் வைக்கிற இடமல்ல. ஒரே ஒரு வேலையைச் செய்யும் கட்டளைகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. எந்தப் புரோகிராமும் அதைக் கூப்பிட்டு அந்த வேலையை வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தை வாக்கியம் வாக்கியமாக வெட்டும் லைப்ரரி ஒன்று வெளிநாட்டுக்காரர்கள் செய்தது ஏற்கெனவே இருந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு பிளாப்பியில் அதை இறக்கிக்கொண்டு வந்தார். முதலாளி தன் குடும்பத்துப் பழைய நில வழக்கின் தீர்ப்பைக் கொடுத்து, "இதை வெட்டச் சொல்லு, பாப்போம்," என்றார். வெட்டியது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார்.

"எங்க தாத்தாவுக்கு ஒரு வரி, அப்பாவுக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரியா? உயிரோட இருக்கும்போதே பாகம் பிரிச்சுட்டானே!"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வெளிநாட்டான் மெஷினுக்கு ஒரு மனிதன் தன் பெயருக்கு முன்னால் இத்தனை முன்னோரைப் புள்ளி வைத்துச் சுமந்துகொண்டு திரிவான் என்பது தெரியவில்லை. அன்று மாலையே அதை ஓரம் தள்ளிவிட்டுச் சொந்தமாக எழுத ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். நாற்காலியில் காகிதம் இருக்கும். அவர் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். கரண்ட் போனால் பெண்கள் கைவேலையை விட்டுக் கதை பேச ஆரம்பிப்பார்கள். அவர் அச்சடித்த தாள்களை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே தூரத்தை நடப்பார். டீயை மூன்று வாய் குடிப்பார், மீதி ஜன்னல் கட்டையில் ஆறும். பஸ்ஸில் ஏதாவது தோன்றினால் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருவார். ஒருமுறை விடிந்தும் விடியாமலும் என் வீட்டுக் கதவைத் தட்டி, பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம், "அண்ணாச்சி, ஒரு வாக்கியம் நம்பர்ல ஆரம்பிக்குமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார்.

அவர் வாயில் எப்போதும் இருந்த ஒரு கேள்வி: "முடிஞ்சுட்டுன்னு யாரு சொன்னா?" புள்ளிகளைப் பற்றித்தான் கேட்க ஆரம்பித்திருப்பார். பிறகு எல்லாவற்றையும் கேட்டார். மழை விட்டது என்றால் கேட்பார். அலுவலகம் மூடும் நேரம் என்றால் கேட்பார். லைப்ரரிக்கு தினம் ஒரு புதுப் பதிப்பு வந்தது. எதற்கும் 'கடைசி' என்று பெயர் வைக்கவில்லை.

அவர் முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு எடுத்ததாகவும், ஒரு நாள் பாடத்தின் நடுவே சாக்பீஸும் கையுமாக வெளியே நடந்தவர் திரும்பிப் போகவே இல்லை என்றும் சொன்னார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருடைய அப்பாவை மட்டும் நான் சந்தித்திருக்கிறேன். இடைசெவல் பக்கம் பருத்தி விவசாயி. காய்ப்புழு பற்றிய செய்திக்காகப் போனபோது, மகளோடு வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெதையெல்லாம் நல்லாத்தான் போடுவா. மொளைக்கதுக்கு முன்னாடியே கிண்டிக் கிண்டிப் பாப்பா."

லைப்ரரிக்கு வேண்டிய விதிகளை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பெண்களின் கைகளிலிருந்து எடுத்தார். ஒவ்வொருத்தி நாற்காலிக்குப் பின்னாலும் நோட்டோடு நிற்பார். புள்ளி வந்தும் அவள் வெட்டாமல் தாண்டிப் போனால் உடனே தோளைத் தொடுவார்.

முதல் நாற்காலி செல்வியுடையது. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"இங்கன ஏன் வெட்டல?"

"வெட்டக்கூடாதுன்னு தோணுச்சுக்கா."

"தோணுச்சுன்னா? எதப் பாத்துத் தோணுச்சு?"

செல்வி திரையைப் பார்த்தாள். தன் விரல் செய்ததை அவளே அப்போதுதான் கவனிக்கிறாள் என்று தெரிந்தது. "பொட்டுக்குப் பொறத்தாலே ஒத்த எழுத்து நிக்கி. அதுக்கும் ஒரு பொட்டு. இப்படிப் பக்கம் பக்கமா நின்னா அது ஆளு பேருக்கா. ஆளை எப்படி வெட்ட?"

அக்கா நோட்டில் எழுதினார்: செல்வி ஒன்று.

விதிகளுக்கெல்லாம் பெயர் அப்படித்தான். சொன்னவள் பெயர், ஒரு எண். புரோகிராமுக்குள்ளும் அதே பெயர்கள். ஒரு நாள் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிய ஒரு பெண், கம்பெனி என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வெட்டாமல் தாண்டினாள். ஏன் என்றதற்கு, "லேபிள்ல பாத்துருக்கம்லாக்கா. அந்தப் பொட்டு கம்பெனி பேருக்குச் சொந்தம். அத வெட்டினா மொதலாளி வைவாரு," என்றாள். அதுவும் ஒரு விதியானது. இன்னொருத்தி ரூபாயின் ஆங்கிலச் சுருக்கத்துக்குப் பின்னால் வரும் புள்ளியைச் சொன்னாள். இன்னொருத்தி, மேற்கோள் குறி மூடுவதற்கு முன்னால் வெட்டக்கூடாது என்றாள். "கதவச் சாத்துததுக்கு முன்ன பூட்ட முடியுமா?" என்று விளக்கமும் கொடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு எத்தனை விதி என்று போட்டி நடந்தது. "ஏட்டி, எனக்கு ஒம்பது. ஒனக்கு ஆறுதான்," என்பாள் செல்வி. "ஒன் ஒம்பதுல ரெண்டு என்னப் பாத்துச் சொன்னது," என்பாள் அடுத்தவள். அவர்களிடம் அதுவரை யாரும் எதையும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டதும் கொட்டினார்கள். அக்கா வாங்கி வாங்கி எழுதினார். எழுதிய நோட்டுகள் ஐந்தாயின.

மெஷின் நாளுக்கு நாள் செல்வியைப் போல வெட்டத் தொடங்கியது. எனக்கு வேலை குறைந்தது. ஒரு நாள் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இனி நாலு நாற்காலி போதும்லா?" என்றார். அதை அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றார். நடையை நிறுத்தவில்லை. படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து, "மொதலாளிகிட்ட கேக்கேன்," என்றார்.

கேட்டார். முதலாளி, "வேலைக்கா பஞ்சம்? மெஷின் வெட்டினதச் சரிபாக்க ஆளு வேண்டாமா? ஒருத்தரையும் அனுப்பமாட்டேன், போ," என்றார். அக்கா சரி என்று வந்துவிட்டார். எந்தப் புள்ளியையும் முடிவு என்று நம்பாதவர், அந்தப் பேச்சை மட்டும் முடிவு என்று நம்பினார். பெண்களிடம் இதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நிருபர் வேலையில் இதைவிடச் சின்ன விஷயத்தையெல்லாம் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர் சோதித்துப் பார்க்க வந்தார். நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு தீர்ப்புக் கட்டை சி.டி.யில் கொண்டுவந்திருந்தார். வாங்கி வரச் சொன்ன டீ வந்து சேர்வதற்குள் மெஷின் வெட்டி முடித்துவிட்டது. அவர் தாள் தாளாகப் பார்த்தார். பன்னிரண்டு பெண்களும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். நீளமான இனிஷியல் வைத்த ஒரு பெயர் முழுசாக ஒரே வரியில் நின்றதைக் காட்டி, "அது என் ரூலு!" என்று கத்தினாள் செல்வி. கைதட்டினார்கள். வந்தவரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அக்கா ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சென்னைக்காரரை ரயிலேற்றிவிட்டு வந்த முதலாளி ஒரு வெள்ளைத் தாளை அக்காவிடம் நீட்டினார். "நாலு பேரு போதும்னு அவரும் சொல்லுதாரு. எந்த நாலுன்னு நீயே எழுதிக் குடு தாயி. ஒனக்குத்தான் அவளுக கையி தெரியும்."

"ஒருத்தரையும் அனுப்பமாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப இதச் சொல்லுதேன்."

அக்கா சுவரில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். முதலாளி வாசித்தார். தாளில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.

"நாலுன்னேன்."

"எனக்கு எண்ணத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார். அங்கேயும் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே வேலையைத் தொடங்கினார். லைப்ரரி முழுவதையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். எழுதியவர்கள் என்ற இடத்தில், நாற்காலி வரிசைப்படி, பன்னிரண்டு பெண்களின் பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை.

"கல்யாணப் பத்திரிகை அடிச்ச மாதிரி எல்லார் பேரையும் போட்டாச்சு அண்ணாச்சி. யாரும் விட்டுப்போகல. இனி மொதலாளி இதத் தன் சொத்துன்னு சொல்லி அவளுகள வெளிய அனுப்ப முடியாதுலா?"

கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருந்தால் பந்தியில் இடம் உண்டு. இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"சென்னைக்காரரும் எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கலாம்."

"அப்ப அவருக்கு நம்ம எதுக்கு?"

திரையில் ஒரு பட்டை மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது. நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. அவர் கை மவுஸின் மேல் இருந்தது. நான் கேட்டது அவர் காதில் விழுந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டை நிரம்பும்வரை அவர் அசையவில்லை. அவரை அவ்வளவு நேரம் அசையாமல் பார்த்தது அன்று மட்டும்தான். அது புரிந்து நின்றதா, புரியாமல் நின்றதா என்று இன்றுவரை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

அடுத்த சி.டி. வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. முதலாளி போன் போட்டார். சென்னையில் மரியாதையாகவே பேசினார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டர்களைச் சாக்கில் சுற்றிக் கீழே இறக்கினார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. படிக்கட்டில் நின்று, "நான் எட்டுப் பேரத்தான் அனுப்ப இருந்தேன் தாயி. நீ பன்னெண்டு பேரையும் அனுப்பிட்டியே," என்றார்.

அதன்பின் ஒரு மாதம் அக்கா ஊரில் ஏறி இறங்காத கடை இல்லை. ஒருத்தியை ஜெராக்ஸ் கடையில் சேர்த்தார். ஒருத்தியை ஜவுளிக்கடை பில் போடும் இடத்தில். ஒரு மில் ஆபீசில் இருவரைச் சேர்க்க, வாசலில் மூன்று நாள் நடந்தார். மற்றவர்கள் தீப்பெட்டிக்கே திரும்பினார்கள். செல்வியும்.

ஐப்பசி மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்பிரதி. மதுரையில் ஒரு அலுவலகம் அந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. முதலில் இருக்கும் பெயருக்கு உரியவர் வேலைக்கு வருவாரா என்று கேட்டிருந்தார்கள். முதல் நாற்காலி, முதல் பெயர்: செல்வி. புதூர்ப் பக்கம் விதைப்புச் செய்தி எடுக்க எனக்கும் போக வேண்டியிருந்தது. சேர்ந்தே பஸ் ஏறினோம்.

கரிசல் நனைந்தால் நடக்க விடாது. ஊருக்குள் போகும் பாதையில் செருப்பு இரண்டு கிலோ ஆனது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். செல்வி ஒரு ஓட்டுக் கொட்டகையில், ஏழெட்டுப் பெண்களோடு, பெட்டிக்குள் தீக்குச்சி அடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "வாங்கக்கா," என்றாள். கை நிற்கவில்லை.

அக்கா நின்றபடியே சொன்னார். "மதுரையில ஒரு ஆபீஸ். பேரு வருத எடத்துல அவிய மெஷினு தடுமாறுதாம். ஒன்னத்தான் கேட்டிருக்காவ."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு சொன்னீயளா?"

"சொல்லிட்டேன். இங்கிலீசு தெரிஞ்சவங்க அங்கன நெறைய இருக்காங்களாம். வெட்டக்கூடாத எடம் தெரிஞ்ச ஆளுதான் இல்லியாம்."

பக்கத்துப் பெண் செல்வியின் இடுப்பில் இடித்தாள். "ஏட்டி, மதுரைக்காரி!"

"சும்மா இரிட்டி," என்றாள் செல்வி. பிறகு அக்காவைப் பார்த்து, "போயி என்ன செய்யணும்?"

"முந்தி செஞ்சதுதான். மெஷின் எங்கன தப்பா வெட்டுதோ அதக் காட்டணும். ஏன் தப்புன்னு சொல்லணும்."

"சொன்ன பெறகு?"

அக்கா மின்னஞ்சல் தாளை நீட்டினார். செல்வி வாங்கவில்லை.

"அன்னைக்கி நீங்க பின்னால நின்னு கேட்டீய. சந்தோசமாத்தான் சொன்னேன். எங்கிட்ட அதுக்கு முந்தி யாரு கேட்டா? ஆனா எதுக்குக் கேக்குதீயன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா."

"சொல்லியிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா?"

செல்வி நிறைந்த பெட்டியை மூடி ஓரமாக அடுக்கினாள். அடுத்த பெட்டியை எடுத்தாள். "சொல்லியிருப்பேன். இப்படி மொத்தமாச் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்தப் பெட்டியும் நிறைந்தது.

"போறேன்க்கா," என்றாள் செல்வி. "பிள்ளைகள அம்மா பாத்துக்கிடுவா. எப்ப வரணும்னு கேட்டுச் சொல்லுங்க. ஆனா இப்பமே சொல்லிப்புடுதேன், ஒரு நாளைக்கு ஒரு ரூலுதான் சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா தெரியாதும்பேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு விதி கிடைத்தால் விடியும்வரை பொறுக்காமல் அடுத்தவன் கதவைத் தட்டுகிறவர். சேற்றுச் செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, செல்வியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்னஞ்சல் தாளை நான்காக மடித்து அவள் மடியில் வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு ஒண்ணு சொல்லு," என்றார்.